தும்மிய தோட்டாக்கள்

என் தங்கை டோரீன் நல்லவள்தான். கட்டிக்கொண்டது மட்டும் வெர்ன் ஹஸ்கின்ஸை. மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைத் தேய்த்து, வீட்டிலேயே மறுபடி தோட்டா அடைக்காத ஆண்பிள்ளை குறைவு. ஆனால் அதை ரொட்டி வெட்டும் பலகையில் வைத்து அடைத்து, புகையிலைச் சாற்றைப் பெண்டாட்டியின் காபிக் கோப்பையில் துப்புகிறவர் வெர்ன் ஒருவர்தான். அவர் கழற்றிப் போட்ட காலுறையை முகர்ந்து பார்த்த கரடி ஒன்று குடும்பத்தோடு கனடாவுக்கே போய்விட்டது. நான் கண்ணால் கண்டது.

அந்த நவம்பரில் எல்க் மான் வேட்டைக்குக் கடைசி வாரம். டோரீனின் ஐஸ்பெட்டியில் இரண்டு பொட்டலம் பட்டாணியைத் தவிர ஒன்றும் கிடையாது. ஒரு மான் விழுந்தால்தான் குளிர்காலத்துக்கு இறைச்சி.

மான்கள் என்னவோ தினமும் ஓடைக்கரைக்கு வந்தன. வெர்ன் விசையை இழுப்பார்; துப்பாக்கி ஒரு தும்மல் தும்மும்; குண்டு கூட்டைவிட்டு நகராது. தாமதமாக வெடித்துவிடுமோ என்று குழலை மலைப்பக்கமே நீட்டிக்கொண்டு சற்றுப் பொறுத்திருந்து, தோட்டாவைக் கழற்றித் திட்டுவார். முதலில், கூட்டின் அடியில் இருந்து மருந்துக்கு நெருப்பு வைக்கும் கேப்பைச் சந்தேகப்பட்டுப் புதுப் பெட்டி பிரித்தார். பிறகு, குளிரில் கிரீஸ் இறுகி, கேப்பை அடிக்கும் துப்பாக்கி ஊசி மெதுவாக அடிக்கிறதென்று, டோரீனின் சூப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊசியைக் கழுவினார். ஸ்பிரிங்கை மாற்றினார். அரசாங்கத்தைத் திட்டினார். தும்மல் நிற்கவில்லை. சனிக்கிழமைக்குள் மான்கள் அவரருகே வந்து படுத்து அசைபோடத் தொடங்கின.

கடைசி நாள் மதியம், தும்மிய தோட்டா ஒன்றைப் பிரித்துத்தான் பாரேன் என்றேன். குண்டைப் பிடுங்கினார். வெடிமருந்து கொட்டியது, ஒரு மணிகூடக் கருகவில்லை. கேப் மட்டும் வெடித்திருந்தது. நெருப்பு உள்ளே போகவேண்டிய துளையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்திருந்தது. தையல் ஊசியால் நோண்டி எடுத்து முகர்ந்தார். அப்புறம், கர்மம், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

டோரீன் கேட்டாள்: “வெர்ன், கூட்டையெல்லாம் எதுல போட்டுத் தேய்ச்ச?”

“அக்ரூட் ஓட்டுத் தூள்லதான். ஊரே அதுலதான் தேய்க்குது.”

“எங்கேருந்து எடுத்த?”

வெர்னின் பார்வை குளியலறை மூலைக்குப் போனது. டோரீனின் பூனைகள் வெளிக்கிருக்கும் தட்டு அங்கேதான் இருக்கிறது. அதில் அவள் கொட்டி வைப்பதும் அக்ரூட் தூள்தான், ஈரம் பட்டால் கட்டியாக இறுகுகிற வகை.

“பை காலியாயிருந்துச்சு. தட்டுல நெறைய கெடந்துச்சு. காஞ்சதாப் பாத்துத்தான் அள்ளினேன்.”

காலையில் நான் மூன்று துண்டு ரொட்டி தின்றிருந்தேன். அந்தப் பலகையில் வெட்டிய ரொட்டிதான் அது.

டோரீன் தன் பெயரில் இருந்த வேட்டைச் சீட்டையும் தன் துப்பாக்கியையும் கடையில் வாங்கிய தோட்டாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே நாங்களும் போனோம். மான்கள் ஓடவில்லை; வாரம் முழுக்கக் கேட்ட தும்மலை எதிர்பார்த்து, அலுப்போடு தலையைத் தூக்கின. ஒரே வெடி. பெரிய ஆண் மான் சரிந்தது.

வெர்ன் பல்லெல்லாம் தெரிய, கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். டோரீன் குறுக்கே நின்று, ஓரமெல்லாம் பனிக்கட்டி கட்டியிருந்த ஓடையைக் காட்டினாள்.

“முதல்ல கையைக் கழுவு. முழங்கை வரைக்கும். நாக்கையும்.”