கோலமாவில் போட்ட காடு

அந்த அறிக்கையில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல். ஒரே ஒரு வரி பொய்யாக எழுதியிருந்தால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் கம்பெனிகளின் மதில், மறுபக்கம் காப்புக்காடு. காடு என்றதும் வானுயர மரங்களை நினைத்துவிட வேண்டாம். காரையும் சூரையும் களாவும் மண்டிக் கிடக்கிற முட்காடு. அண்ணன் இறந்துபோன பிறகு என் அண்ணி அதில்தான் வெள்ளாடு மேய்த்தார். அந்த ஆடுகளை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

காப்புக்காட்டுக்குள் ஆடு விடக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். ஃபாரஸ்ட் கார்டுக்குத் தெரியாதா? ஆனால் அவருக்கும் அண்ணிக்கும் நடுவே ஒரு வழக்கம் இருந்தது. எதிரே பார்த்தால் பைக்கை நிறுத்தி, எங்கே மேய்த்தாய் என்று கேட்பார். "ஓரமாத்தான் சார்" என்பார் அண்ணி. ஆட்டின் வாயில் உள்காட்டுக் கொடி தொங்கிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்க்காத மாதிரி பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். கோடையில் காட்டுக்குள் எங்காவது புகை கண்டால் அவருக்கு முதல் போன் போடுவதும் அண்ணிதான். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். காட்டுக்குப் புதிதாக மேலாண்மைத் திட்டம் போடுகிறார்களாம், அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை எழுதித் தரும் வேலையை ஒரு தனியார் நிறுவனம் எடுத்திருக்கிறதாம், இவள் அங்கிருந்து வருகிறாளாம். மகளிர் குழுவுக்கு நான் செயலாளர் என்பதால் நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, வாய் நிறைய அக்கா அக்கா என்றாள். நானும் மயங்கிப்போனேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். கோலமாவைக் கொடுத்து, தரையிலேயே ஊரையும் காட்டையும் வரைந்து காட்டுங்கள் என்றாள். ஏரி வந்தது, அம்மன் கோயில் வந்தது, கம்பெனி மதில்கூட வந்தது. காடு மட்டும் வெறும் வட்டமாகக் கிடந்தது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அண்ணி ஒருத்தர்தான், அவர் மூலையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் நான் வேலை பார்க்கிற கம்பெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அசெம்பிளி லைனில் ஒருவர் கை மிஷினில் மாட்டப் பார்த்துத் தப்பித்தால்கூட அதைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எழுதினவர் மேல் நடவடிக்கை கிடையாது. மறைத்தவருக்குத்தான் மெமோ. பதினோரு வருஷமாக இதையே கேட்டுக் கேட்டு, உண்மையை எழுதிக் கொடுத்தால் நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று புத்தியில் ஊறிப்போயிருந்தது. ஊர் உலகமெல்லாம் எங்கள் லைன் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி.

அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மறைச்சாத்தான் அண்ணி வம்பு. நீ தண்ணி காட்டுற எடம் எழுத்துல ஏறிட்டா, நாளைக்கு எவன் வந்து தடுப்பான்?"

"சொன்னா ஒண்ணும் ஆவாதே?"

"நான் இருக்கேன் இல்ல."

எழுந்து வந்தார். மார்கழியில் வாசலில் குனிகிற மாதிரி குனிந்து மாவை எடுத்தார். கை நிற்கவே இல்லை. ஆடு நுழைகிற நாலு வழிகள், எந்த மாசத்தில் எந்தப் பக்கம் தழை இருக்கும், சித்திரையிலும் வற்றாத பாறைக் குட்டை. அந்தக் குட்டை எனக்கே அன்றுதான் தெரியும். அந்தப் பெண் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஜேசிபி வந்தது. காட்டைச் சுற்றி முழுக்கப் பள்ளம் எடுக்கவில்லை. அண்ணி வரைந்த நாலு வழிகளை மட்டும் குறுக்கே வெட்டிப் போட்டார்கள். குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். எல்லாம் அண்ணி மாவில் இழுத்த அதே கோடு.

ஃபாரஸ்ட் கார்டு பள்ளத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். அண்ணி முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. "இத்தினி வருசம் நான் ஒண்ணும் கண்டுக்கலையேம்மா. நீயே படம் போட்டுக் குடுத்துட்டா நான் இன்னா பண்றது?"

பஞ்சாயத்து ஆபீசுக்கு அறிக்கையின் ஒரு பிரதி வந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு போய் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். மேய்ச்சலால் சீரழிந்த இடங்கள் என்ற தலைப்பின் கீழ் அந்தக் கோலமாவுப் படம், கலரில். ஓரத்தில் அண்ணியின் கை, வளையலோடு. அடியில், உள்ளூர் மக்களின் பங்கேற்போடு கண்டறியப்பட்டது என்று ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் எங்கள் மகளிர் குழுவுக்கு நன்றி வேறு.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு தடவைதான் எடுத்தாள். "அக்கா, நீங்க சொல்லாத எதையும் நான் எழுதலையே" என்றாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பாதியிலேயே வைத்துவிட்டாள். அப்புறம் எத்தனை தடவை போட்டும் எடுக்கவில்லை. பாவி, என் கையால் சாப்பிட்டவள்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. அன்று நான் வாசித்த அறிக்கை முழுவதையும் கேட்டுவிட்டு, "அல்லாம் நான் சொன்னதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டைக் கட்ட எழுந்து போனார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அதன் பிறகு ஆடுகள் ஒவ்வொன்றாகக் கறிக்கடைக்குப் போயின. அஞ்சுதான் மிஞ்சின.

போன வாரம் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது அண்ணி எதிரே அந்த அஞ்சையும் ஓட்டிக்கொண்டு வந்தார். ஆடுகளின் வயிறு புடைத்திருந்தது, வாய் ஈரமாக இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"எங்க அண்ணி தண்ணி காட்டுன?"

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஓரமாத்தான்."

முன்னால் நின்ற ஆட்டின் வாயில் உள்காட்டுக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.