அபேட் என்ற வினைச்சொல்லும் மாமனார் ஏறிய கூரையும்

ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லை நம்பி என் மாமனாரைப் புயலுக்குள் அனுப்பி வைத்தவன் நான். இத்தனை காலம் இதை வெளியில் சொல்லாமலிருந்ததற்குக் காரணம் அடக்கமல்ல.

அப்போது கிரியோல் பேசும் எங்கள் தீவில், ரோஸ் ஹில்லில், தகரக் கூரை போட்ட மரவீட்டில் குடியிருந்தோம். எங்கள் வீட்டில் சாமிக்குத் தமிழ், சண்டைக்குக் கிரியோல், சம்பளத்துக்கு ஆங்கிலம். பதவி உயர்வுத் தேர்வுக்காக நான் ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி உருப்போட்டுக்கொண்டிருந்த வாரத்தில்தான் புயல் வந்தது. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்த மாமனாரை எங்களோடு அழைத்து வைத்துக்கொண்டோம். காலையிலிருந்து கூரையைப் பிடுங்கப் பார்த்த காற்று, பிற்பகலில் சட்டென்று நின்றது. சன்னல் இடுக்கில் வெயில்கூடத் தெரிந்தது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “அபேட் ஆகிவிட்டது” என்று அறிவித்தேன்.

“அப்படின்னா?” என்று கிரியோலில் கேட்டார் மாமனார்.

“புயல் தணிஞ்சிடுச்சு மாமா.”

“அப்ப என் கூரைய ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்.”

அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் மருமகன் ஆங்கிலத்தில் சொன்னதை அவர் சந்தேகிப்பதில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி மட்டும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். “அந்தச் சொல்லுக்குச் சரியா என்ன அர்த்தம்?”

இப்படி ஒருத்தர் கேட்க மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவன் நான். காய்ச்சல், வலி, வெள்ளம், கோபம் எதுவானாலும் உச்சத்தில் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்கே அந்தச் சொல் என்று விளக்கினேன்.

“இது கொஞ்சம் கொஞ்சமாவா இறங்குச்சு? வெட்டி விட்ட மாதிரில்ல நின்னுச்சு.”

புயலின் நடுவில் கண் ஒன்று உண்டு, அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும் என்று நான் படித்திருந்தேன். அது எங்கள் தெருவுக்கும் வரும் என்று படித்ததில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன், விழுந்து கிடந்த மாமரங்களைத் தாண்டிக்கொண்டு.

மாமனார் கூரைமேல் உட்கார்ந்து தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, இறங்குங்க. காத்து திரும்ப வரப்போகுது.”

“நீங்கதானே மாப்பிள்ளை தணிஞ்சிடுச்சுன்னீங்க?”

“அந்தச் சொல் இதுக்குப் பொருந்தாது மாமா.”

“பொருந்துற சொல்லை யோசிச்சு வையுங்க. அதுக்குள்ள நான் நாலு ஆணி அடிச்சுடறேன்.”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மூன்றாவது ஆணியில் வெயில் மறைந்தது. அவர் மேலே பார்த்தார். பிறகு, அந்த வயதில் அப்படி இறங்க முடியும் என்று நான் நினைத்திராத வேகத்தில் இறங்கினார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்குள் தள்ளி, மூவரும் கதவில் முதுகைக் கொடுத்தபோது மறுபக்கத்துக் காற்று வந்து மோதியது.

அந்தக் காற்று மெல்ல மெல்ல, இலக்கண சுத்தமாக, அபேட் ஆனது. அது ஒவ்வொரு படி இறங்கும்போதும் என் பயமும் ஒரு படி இறங்கியது. மாமனார் மூலையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அதைவிட அழகான காட்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தோம். அவர் வீட்டுக் கூரையையே காணோம். அவர் வருத்தப்படவில்லை. என் மனைவியிடம் தனியாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“அடுத்த தடவை காத்து நின்னா, மாப்பிள்ளை தூங்குற நேரமாப் பாத்து நிக்கட்டும்மா.”