மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தவள்

நெதர்லாந்தில், மெய்ன்டர்ட்டின் தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் ஹில்லேவுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது. வால்மீன்கள் என்றால் உயிர். மூக்குக்கண்ணாடியோடு வால்மீனைப் பார்ப்பாள். கழற்றிவிட்டு, மங்கி உப்பித் தெரியும் நட்சத்திரங்களைப் பார்ப்பாள். எது வால்மீனுக்குச் சமமோ, அதன் ஒளியளவை எண்ணாகக் குறித்துக்கொள்வாள். பழைய முறை, சரியான முறை.

மெய்ன்டர்ட்தான் வானியல் சங்கத்துக்கும் தலைவர். கூடத்தை ஒட்டிப் பெரிய தொலைநோக்கி வைத்ததிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதில் வால்மீன் பரந்து, உள்ளதைவிட மங்கலாகத்தான் தெரியும் என்பதுகூட மனிதருக்கு உறைக்கவில்லை. இப்போது வந்திருக்கும் வால்மீனுக்கு ஹில்லே எழுதிய எண்கள் தன் தொலைநோக்கியோடு ஒத்துப்போகவில்லை என்று எல்லாவற்றையும் ஆண்டறிக்கைப் பிரதியில் பென்சிலால் அடித்துவிட்டார்.

சங்கக் கூட்டத்தில் காப்பியும் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டும் வந்தன.

"கண்ணாடியைக் கழட்டிட்டு வானத்தைப் பார்க்கிற கண்ணெல்லாம் ஒரு கண்ணா? தக்காளி பொறுக்கத்தான் லாயக்கு!" என்றார் மெய்ன்டர்ட். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஐந்து இரவுகளில் எடுத்த வால்மீனின் நிறமாலைப் படங்களைச் சுவரில் காட்டினார். நான்கில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு.

"சோடியம்! சூரியன்கிட்ட போகப்போக வெளிய வருது. நாளைக்கே பத்திரிகைக்கு அனுப்புறேன்."

"ஒன்பதாம் தேதி படத்துல மட்டும் காணோமே?" என்றாள் ஹில்லே.

"வால்மீன் மாறிக்கிட்டே இருக்கும். உனக்கெங்க புரியப்போகுது?"

"அன்னிக்குக் கூடத்துல கரண்ட் போச்சு, மெய்ன்டர்ட். மத்த நாலு நாளும் ராத்திரி செடிக்கு விளக்கைப் போட்டது நான்தானே? எல்லாமே சோடியம் விளக்கு. நீங்க படம் பிடிச்சது உங்க தக்காளி வெளிச்சத்தை."

யாரோ காப்பியைத் துப்பினார்கள். மெய்ன்டர்ட்டின் முகம் சுண்டிப்போனது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு வாரமா. நீங்க படத்தைக் கூடத்துல காட்டிப் பீத்திக்கிட்ட அன்னிக்கே."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இத்தனை பேர் முன்னாடி..."

"என் கண்ணு தக்காளிக்குத்தான் லாயக்கு. தக்காளி வெளிச்சம்தான் தெரிஞ்சுது." பிரதியை அவர் பக்கம் தள்ளினாள். "அடிச்சதை நீங்களே அழிங்க."

அவர் ரப்பரை எடுத்தார். இருபத்தொரு வரிகள். கடைசிக் கோடு அழியும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். பிறகு அவருடைய பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.