வாக்மேனுக்குள் ஊற்றிய உப்புநீர்

எங்கள் பழைய வாக்மேனைக் கெடுத்தவள் நான்தான். தெரிந்தே செய்தேன். உப்பளத்துப் பாத்தியிலிருந்து ஒரு டம்ளர் நீர் மொண்டுவந்து, கேசட் போடும் மூடியைத் திறந்து, இரண்டு கரண்டி ஊற்றினேன்... மூடியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இது நடந்தது போன வருடம், இரண்டாயிரத்து ஐந்தில். மரக்காணத்தில் நான் தையல் கடையில் வேலை பார்க்கிறேன். என் கணவர் உப்பு வாருகிறார். கடையில் என்னோடு தைக்கும் மேரி, காதில் மாட்டிக் கேட்கிற சிடி பிளேயர் ஒன்று கொண்டுவந்தாள். ஒரே எம்பி3 சிடியில் நூற்றைம்பது பாட்டு! எனக்கோ பாதிப் பாட்டில் நாடா சிக்கி இழுக்கும் வாக்மேன்.

வீட்டில் அவரிடம் கேட்டேன். "இதான் நல்லா பாடுதே, எதுக்கு இன்னொண்ணு?" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தின் மேல்தான் எனக்கு எரிச்சல்.

உப்பு வாருகிறவர்கள், அளத்திலிருந்து வந்ததும் முழங்கை வரை நல்ல தண்ணீரில் கழுவாமல் வீட்டுச் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். உப்பு பட்டால் எதுவும் அரித்துப்போகும். இங்கே காற்றிலும் உப்புதான். ஆகவே பழி காற்றின் மேல் விழும் என்று நினைத்தேன். காற்றுக்கு வலிக்கவா போகிறது?

மூன்றாம் நாள், பாடாத வாக்மேனை அவர் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. பிறகு தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு பசி அவசரத்துல கை சரியா கழுவாம தொட்டுட்டேன் போல, வாசுகி. நான்தான் கெடுத்துட்டேன்."

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் ஏன் சொல்லவில்லை? புதியது கண்முன்னே தெரிந்தது... அவ்வளவுதான்.

அந்த ஞாயிறே பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, மேரியுடையதைப் போலவே ஒரு சிடி பிளேயர் வாங்கிவந்தார். மகிழ்ந்தேனா? மகிழ்ந்தேன். இன்றும் அதில் பாட்டு கேட்கும்போது மனம் நிறைந்துதான் போகிறது.

ஆனால் அவர் அதைத் தொடுவதே இல்லை. அளத்தில் வேலை இல்லாத மழைக்காலத்தில், பல நாள் உப்பையே பார்க்காத கையால்கூடத் தொடவில்லை! பாட்டென்றால் அவருக்கு உயிர். கேட்கத் தோன்றினால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"என் கை ராசி தெரியும்ல. நீயே மாட்டி வுடு."

இயர்போனின் ஒரு முனையை அவர் காதிலும் மறு முனையை என் காதிலும் மாட்டிப் பொத்தானை அழுத்துவேன். ஒயர் எட்டாது, தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டும். அவர் கண்மூடித் தலையாட்டுவார். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இன்னும் புதுசா கல்யாணம் ஆனவங்களாட்டமே இருக்கீங்க" என்று கேலி செய்கிறாள். எனக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன.

சொல்லிவிட்டால் அந்தக் கைகள் விடுபடும். அது தெரியாதவள் அல்ல நான். அப்புறம் அவரே எடுத்து மாட்டிக்கொண்டு, வாசலில் தனியாக உட்கார்ந்து கேட்பார். அது எனக்கு வேண்டாம்... என் குற்றம் வாக்மேனோடு முடியவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

நேற்றும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் மாட்டிவிட்டேன்.