ஆராட்டு அன்று எடுத்த அளவு

நாலு மணிக்கு முன்னதாகவே நாகேஸ்வரன் கீழ்த்தளக் காத்திருப்புக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். இந்த ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் தலை நரைக்க வேலை பார்த்தவர்தான். ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து இந்த நாற்காலியில் உட்காருவது இப்போதுதான். மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் அவருடைய அப்பா சேஷன் கிடக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு.

காலையில் வீட்டுக்கு ஒருவரை மட்டும் உள்ளே விட்டு முகம் பார்க்கச் சொல்வார்கள். மற்றபடி எல்லாம் நாலு மணிக்குத்தான். கீழே யாராவது வந்து படுக்கை எண்ணைச் சொன்னால், மேலே நர்ஸ் டேப்லெட்டை எடுத்து நோயாளியின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். கீழே இருப்பவர் போனில் பார்க்கலாம், அதே அழைப்பில் வெளிநாட்டில் இருக்கிறவரையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து இருக்கிற ஊர். நாலு மணி அடித்தால் கூடம் முழுக்க ஒரே குரல்: "கேக்குதா? கேக்குதா?"

நாகேஸ்வரனின் தம்பி அனந்த் டப்ளினில் இருக்கிறான். அங்கே அப்போது காலை. வேலை நடுவில் எழுந்து வந்து போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். படம் வரும், உறையும், கட்டம் கட்டமாக உடையும், மறுபடி வரும்.

"அண்ணா, பாத்தியா? அப்பா கண்ணைத் தொறந்தார்."

"அப்படியா."

"சத்தியமா பாத்தேன். உதடுகூட அசைஞ்சுது. என்னமோ சொல்ல வரார். அப்பா ஆத்துக்கு வந்தப்பறம் நான் வந்தா சரியா இருக்குமோல்லியோ? ஒரு தரந்தான் லீவு தருவா. இப்போ வந்து ஐசியு வாசல்ல உக்காந்துட்டுப் போனா, அப்பறம் அப்பா எழுந்து உக்காரறச்சே நான் இருக்க மாட்டேனே."

தினமும் இதே பேச்சு. வரலாமா, காத்திருக்கலாமா என்பதை அந்த உடைந்த படத்தை வைத்துத்தான் அவன் தீர்மானித்துக்கொண்டிருந்தான். டாக்டரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். நாகேஸ்வரன் "உன் இஷ்டம்டா" என்பார். அதற்கு மேல் சொல்ல அவருக்குள்ளிருந்து எதுவும் எழும்பி வரவில்லை. அழுகைகூட வரவில்லை. கேன்டீனில் தோசை ஆறிப்போனது தெரியாமல் தின்றார்.

பத்மநாபசாமி கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் தெருவில் பிறந்து, மலையாளத்தில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரிடம் கேபிள் இழுக்கிற வேலையில் ஆரம்பித்து, ஏணியும் துளைபோடும் மெஷினுமாக ஊர் முழுக்க அலைந்து, இந்த ஆஸ்பத்திரிக்குக் கம்பி போட வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். ஜாஸ்தி பேச மாட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். ஆஸ்பத்திரிக் கம்பிகளெல்லாம் வந்து சேருகிற பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பேர். நெரிசல் வரும்போது அதில் எந்தத் தகவல் முதலில் போக வேண்டும், எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று விதி எழுதி வைப்பது அவர் வேலை. முதலில் நோயாளி மானிட்டரின் அலாரம். அடுத்தது போன் பேச்சு. அப்புறம் ஸ்கேன் படங்கள். அதற்கும் கீழே நாலு மணி வீடியோ. அதற்கு ஒரு மேல்வரம்பு, தாண்டினால் மிச்சத்தைத் தள்ளிவிடும். கடைசியில் மற்றதெல்லாம். சாமி ஓடுபாதை வழியே கடலுக்குப் போகிறார் என்று விமானத்தையே நிறுத்தி வைக்கிற ஊரில், யாருக்கு முதலில் வழி என்று புரியவைப்பது கஷ்டமில்லை. டைரக்டர் ஒருவர் தம் அறை வீடியோவை அலாரத்தோடு சேர்க்கச் சொன்னபோது, "எல்லாரும் முன்னாடி போனா முன்னாடின்னு ஒண்ணு இருக்காது சார்" என்று சொல்லி மாட்டேன் என்றுவிட்டார்.

நாலு மணிப் படம் உறைகிறது என்று புகார் வராமலில்லை. வந்த ஒவ்வொன்றுக்கும் அவர் எழுதிய பதில் ஒன்றுதான்: வெளிநாட்டுப் பக்கம் இணைப்பு மந்தம்.

அதையே தம்பியிடமும் சொல்லிப் பார்த்தார். மறுநாள் அனந்த் ஆபீஸ் மீட்டிங் அறைக்குள் போய், சுவரில் கம்பி சொருகி உட்கார்ந்துகொண்டு பேசினான்.

"அண்ணா, இங்கேருந்து நான் சிங்கப்பூர்க்காராளோட நாள் முழுக்கப் பேசறேன். ஒரு பொட்டு உடையாது. என் பக்கம் ஒண்ணுமில்லை. உங்க பக்கந்தான்."

படம் அன்றைக்கும் உடைந்தது. மேலே டேப்லெட்டைப் பிடித்திருந்த ஸ்நேகாவின் குரல் மட்டும் கேட்டது. போனக்காடு எஸ்டேட்டில் பிறந்த பெண். அவள் பேச்சில் தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது.

"சாரே, டெய்லி இதே கதைதான் கேட்டோ. நாலு மணிக்கு மட்டுந்தான் ஸ்டக் ஆவுது. மூணரைக்கு நாங்க டெஸ்ட் பண்ணா கண்ணாடி போல வருது."

நாகேஸ்வரன் மேலே போய் ஸ்விட்சைத் திறந்து பார்த்தார். வரிசையில் நாலாவதான வீடியோ வகுப்பில், தள்ளிவிட்ட தகவல்களின் எண்ணிக்கை குன்றாகக் குவிந்திருந்தது. அயர்லாந்தில் இல்லை, இங்கே, இரண்டாம் மாடியில், அவர் கையால் போட்ட வரம்பில். அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். யோசிக்க வேண்டியதே இல்லை.

புது ஸ்விட்ச் வந்தது ஐப்பசியில். நாலு மணி வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று ஒரு நாள் அளந்து, அதற்குக் கொஞ்சம் மேலே வரம்பு வைப்பதாகத் திட்டம். அளவெடுக்கிற கருவியை ஓடவிட்டு அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டார். அன்றைக்கு ஆராட்டு. பத்மநாபசாமி வாகனத்தில் சங்குமுகம் கடலுக்குப் போகிற நாள். நகரத்துக்கு மத்தியானத்துக்கு மேல் விடுமுறை, கோட்டையைச் சுற்றிச் சாலையெல்லாம் அடைப்பு. வள்ளக்கடவில் வழக்கமான இடத்தில் நின்று பார்க்க வேண்டும் அப்பாவுக்கு. "நாழியாச்சுடா, நாழியாச்சுடா" என்று போனில் பிய்த்து எடுத்துவிட்டார். போனார்கள், வேலும் வாளும் சிலம்பமுமாகக் கூட்டம் நகர்ந்ததைப் பார்த்தார்கள். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதே நேரத்தில் இந்தக் கூடம் காலியாகக் கிடந்திருக்கிறது. படுக்கை எண்ணைச் சொல்ல ஆள் வரவில்லை என்றால் மேலே யார் டேப்லெட்டை எடுப்பார்கள்? கருவி அளந்தது வெறும் கூடத்தை.

அவர் கணினிப் பிரிவுத் தலைவர் வெங்கிடேஷின் அறைக்குப் போனார். வயதில் சின்னவன், அதே கோட்டைக்குள் பையன். மீட்டிங்கில் அவன் "மிஸ்டர் நாகேஸ்வரன்" என்பான். கதவு சாத்தியிருந்தால் "அண்ணா".

"வீடியோ வரம்பை நான் தப்பாப் போட்டிருக்கேன். ஆராட்டு அன்னிக்கு அளந்துட்டேன்."

வெங்கிடேஷ் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான். "கலெக்டர் லீவு விட்ட நாளைப் பாத்து அளந்திருக்கேள். பெருமாள் மட்டுந்தான் அன்னிக்கு டிராஃபிக்."

நாகேஸ்வரன் சிரிக்கவில்லை. வெங்கிடேஷும் நிறுத்திக்கொண்டான். "அண்ணா, புதன்கிழமை மீட்டிங்கில வச்சுதான் மாத்த முடியும். ஒண்ணு பண்ணுங்கோ, உங்க அப்பா பெட் டேப்லெட்டை மட்டும் போன் வகுப்புக்கு ஏத்திடுங்கோ. ஒரே வரி. நான் பாக்கலைன்னு வச்சுக்கறேன்."

"அது ஒருத்தருக்கு ஆகும். வரம்பு எல்லாருக்கும் தப்பு."

"டைரக்டருக்குச் சொன்ன அதே பாட்டாக்கும்." பெருமூச்சு விட்டான். "சரி. நாளைக்கு மத்தியானம் ஓபி முடிஞ்சதும் மாத்துங்கோ. மீட்டிங்கில நான் சொல்லிக்கறேன். அலாரம் ஒரு இம்மி அசையப்படாது."

அலாரம் அசையாது என்று நாகேஸ்வரனுக்குத் தெரியும். ராத்திரி படுத்தபின் அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. தினமும் காலையில் அவர் உள்ளே போய்ப் பார்க்கிறார். அப்பாவின் கண் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பாதி திறந்தபடி அப்படியே இருக்கிறது, உள்ளே யாரும் இல்லாத வீட்டுக் கதவு போல. உதடு அசையவில்லை. தம்பி பார்த்ததெல்லாம் படம் உடைந்து சேர்ந்தபோது தெரிந்த அசைவு. அதை அவர் சொல்லவில்லை. தினமும் ஒரு "அப்படியா"வோடு விட்டுவிட்டார். படம் சரியானால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. அதுவே போதும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்படக்கூட மனம் நகரவில்லை.

மறுநாள் மத்தியானம் புது வரம்பு போட்டார். எல்லா டேப்லெட்டையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டு, ஒரு மானிட்டரில் சோதனை அலாரம் எழுப்பச் சொன்னார். நர்ஸ் மேஜையில் அது அந்த நொடியே கத்தியது. இரண்டு தரம் செய்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

நாலு மணி. பக்கத்து நாற்காலியில் இசக்கிசெல்வி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த புருசன் திரவியத்துக்காக நாள் தவறாமல் உட்கார்ந்திருப்பவள். போனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"என்ன இது, இவ்வளவு தெளிவா வருது. ஏன் இப்படித் தாடியும் மீசையுமாக் கெடக்கீரு? சார்ஜாலேருந்து மவன் பாக்கான். சாமியாராப் போயிட்டீரோன்னு நினைக்கப் போறான்."

திரவியம் ஏதோ சொன்னது கேட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூடத்தில் ஒருவரும் "கேக்குதா" என்று கேட்கவில்லை.

நாகேஸ்வரனின் போனில் அப்பா வந்தார். வாயில் குழாய், அதை ஒட்டிய பிளாஸ்திரியின் நூல் பிசிறு, நெற்றியில் யாரோ இட்டுவிட்ட திருநீறு எல்லாம் தெரிந்தது. பாதி திறந்த கண். நெஞ்சு மட்டும் மெஷின் சொன்னபடி ஏறி இறங்கியது.

அனந்த் வெகு நேரம் கழித்து, "படம் நின்னுடுத்தா அண்ணா?" என்றான்.

"இல்லை. பின்னாடி சுவர்க் கடிகாரம் தெரியறது பாரு."

விநாடி முள் நகர்ந்துகொண்டிருந்தது.

"கண்ணு எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாம்."

"நான் தொறந்தார்னு சொன்னேனே. நீ ஒண்ணும் சொல்லலையே."

"நீ பாத்தேன்னு சொன்னே."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, அனந்த் "ஒரு நிமிஷம்" என்று தமிழிலேயே பதில் சொன்னான்.

"சாரே, மதியோ, போதுமா? வைக்கட்டா?" என்று ஸ்நேகா மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா."

அவள் பிடித்துக்கொண்டாள். விநாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த சுற்றையும் தொடங்கியது.

"நான் கிளம்பறேன்," என்றான் அனந்த்.

"எந்த வழியா வரே?"

"எது சீக்கிரமோ அது."

"சரி. ஏர்போர்ட்டுக்கு நான் வரேன்," என்றார் நாகேஸ்வரன். அதைச் சொன்னபோதும் இரண்டு பேரும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒரு தரம்கூட உடையவில்லை.