ஆறாம் எண் கட்டிடம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டுமானத் துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கியூப் அக்கா என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். கியூப் எனப்படும் கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கின என்று எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதேதான். "உன்கிட்ட வாய் கொடுக்கவே பயமா இருக்கு, நான் எத்தனை டன்ல உடைவேன்னு பார்த்துட்டே இருக்க" என்று புருஷன் கேலி செய்வான்.

அந்த வருஷம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து சேர்ந்தாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். மதியம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். அடுக்குமாடி வீடுகளின் தூண்கள் எவ்வளவு வலுவோடு நிற்கின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. எட்டுக் கட்டிடங்களின் தூண்களைத் துளைத்து, உருளை உருளையாக மாதிரிகள் கொண்டுவந்தாள். கட்டிடங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அவற்றைக் கட்டிய முதலாளி போட்ட நிபந்தனை அது. முடிவு அவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. துறைக்குப் புது இயந்திரம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே என்பதால் பேராசிரியர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆறாம் எண் மாதிரியை வைத்தபோது இயந்திரம் முனகக்கூட இல்லை. கான்கிரீட் பொலபொலவென்று உதிர்ந்தது. அக்கா கையில் அள்ளிப் பார்த்தாள். மணலோடு மணலாகச் சிப்பித் துண்டுகள்; உப்புக் கடல் மணலைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். வலு இருபது வர வேண்டிய இடத்தில் ஏழுதான் வந்திருந்தது. அடுத்த இரண்டு மாதிரிகளும் அப்படியே.

"இதுல ஆளுங்க குடியிருக்காங்களா?"

மாணவி தலைகுனிந்தாள். "முப்பது குடும்பம்."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"சார்கிட்ட சொன்னேன்க்கா. முதலாளிக்கு லெட்டர் போட்டாச்சு, நம்ம வேலை அதோட முடிஞ்சதுன்னு சொல்லிட்டாரு. வெளிய சொன்னா என் அஞ்சு வருஷ உழைப்பும் போச்சு. ரெண்டு வாரம் பொறுங்கக்கா, தீசிஸ் கொடுத்துடறேன். அப்புறம் நானே போய்ச் சொல்றேன்."

அந்த முகத்தைப் பார்த்து அக்காவால் மறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் துறை வண்டியின் டிரிப் புத்தகத்தைப் புரட்டி, ஆறாம் எண் மாதிரி வந்த தேதியை வைத்து முகவரியைக் கண்டுபிடித்து, அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

நாலு மாடிக் கட்டிடம். புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. தூண்களில் துளைத்த இடங்களைச் சிமெண்ட் பூசி மறைத்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவள் சொன்னதைப் பாதியிலேயே வெட்டினார்.

"உங்ககிட்ட எழுத்துல ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க. ஆனா என் கையாலதான் உடைச்சுப் பார்த்தேன்."

"இப்படி ஒரு பேச்சு கிளம்புனா நாளைக்கு இந்த வீட்டை எவன் வாங்குவான்? கிளம்புங்க."

கீழ்த்தளத்தில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்த பெண் மட்டும் அவளை உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, கடைசிவரை கேட்டாள்.

"நீங்க சொல்றது நிஜம்தான்னு தோணுதுக்கா. கதவு ஒரு மாசமா இழுத்தா வரமாட்டேங்குது. ஆனா ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இன்னைக்கே எங்க போவேன்? பரீட்சை முடியட்டும், போயிடறேன்."

மறுநாளே விஷயம் பேராசிரியர் காதுக்கு எட்டிவிட்டது. அக்காவைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து தூக்கி, பழைய விடைத்தாள்கள் அடுக்கியிருந்த அறைக்கு அனுப்பினார்கள். மாணவி அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அக்கா நகராட்சிக்கு இரண்டு கடிதம் எழுதினாள். பதிலே இல்லை.

ஐந்து வாரம் கழித்து, ஒரு பிற்பகல், கீழ்த்தளத் தூண்கள் இரண்டு மடங்கிக் கட்டிடத்தின் பாதி உட்கார்ந்துவிட்டது. ஒன்பது பேர் செத்தார்கள். தையல்காரப் பெண் அதில் ஒருத்தி. பிள்ளைகள் பரீட்சை எழுதப் போயிருந்ததால் தப்பின.

விசாரணைக்கு அக்காவையும் கூப்பிட்டார்கள். பேராசிரியர், முதலாளிக்கு அனுப்பிய கடிதத்தின் நகலைக் காட்டி, தன் கடமையைச் செய்துவிட்டதாகச் சொல்லி உட்கார்ந்தார். மாணவி ஒரு மூலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பட்டத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று அதிகாரி கேட்டார்.

அக்கா தேதியைச் சொன்னாள்.

"அங்க போய்ச் சொன்னது எப்போ?"

அதையும் சொன்னாள். "நடுவுல பதினோரு நாள் இருக்குங்க. அந்தப் பதினோரு நாள் நானும் வாயை மூடிக்கிட்டுதான் இருந்தேன். முன்னாடியே போயிருந்தா அந்தத் தையல்காரப் பொண்ணு வேற வீடு பார்த்திருக்கலாம்."

"அது தேவையில்லைம்மா," என்றார் அதிகாரி. "நீங்க போய்ச் சொல்லிட்டீங்க இல்ல, அது போதும்."

"தேவைங்க. எழுதிக்கோங்க."

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனாவை நிறுத்தி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.