ஓரக்கண்ணில் ஒரு மரக்குண்டு

நான் படித்தது இயற்பியல். எனக்குச் சோறு போட்டது கம்ப்யூட்டர் புரோகிராம். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு, புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே புரோகிராம் எழுதக் கற்று, ஊரிலேயே ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நெல்லித்தோப்பு வீட்டு மாடியில் சால்டரிங் புகைதான். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்தும் மணி, நானே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கி என்று செய்ததையெல்லாம் போட்டோ எடுத்து என் வெப் பக்கத்தில் போடுவேன். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. எந்த ஊர்க்காரரோ அந்தத் தொட்டி மணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்காது.

"வேலைக்குப் போனா கம்ப்யூட்டரு, வூட்டுக்கு வந்தா ஒயரு. உனக்கு லீவுன்னா இன்னான்னே தெரியாது பாப்பா" என்பார் பெரியப்பா.

அவர் எங்கள் வீட்டில் கீழே இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர். தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால்தான் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். வெயில் தாழ்ந்ததும் பெத்தாங்க் ஆடக் கிளம்பிவிடுவார். ஒரு சின்ன மரக்குண்டை முதலில் வீசுவார்கள். பிறகு இரும்புக் குண்டுகளை அதற்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி போட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். மரக்குண்டுக்கு கொஷொனே என்று பேர். ஒரு கட்சிக்கு மூன்று பேர். பெரியப்பாவின் கட்சியில் மற்ற இருவரும் பென்ஷன்காரர்கள்தான். அங்கே ஒருவரையொருவர் முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது ஒருவர் விலகினால் அந்த இடத்துக்கு வர வெளியே ஆள் தயாராக இருந்தது.

அந்த வருஷம் அவர் போடும் குண்டுகள் தப்ப ஆரம்பித்தன. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். நடுப்பார்வை போய்விட்டது, இனி வராது, ஓரப்பார்வை இருக்கும் என்றார் டாக்டர். திரும்பும்போது ஆட்டோவில் பெரியப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"கிரவுண்டுல யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரிஞ்சா என்ன பெரியப்பா?"

"தெரிஞ்சா திட்ட மாட்டானுங்க. சேர் போட்டு ஓரமா ஒக்கார வெச்சுடுவானுங்க. அவனுங்க கிட்ட திட்டு வாங்கறதுக்குத்தான் நான் அங்க போறதே."

எனக்குக் கை ஊறியது. ஒரு கொஷொனேயைக் குடைந்து, உள்ளே பட்டன் பேட்டரியும் சின்ன பஸரும் வைத்து மூடினேன். சத்தம் வருகிற திசையில் போட்டால் போதும் என்பது என் யோசனை. வாசலில் உருட்டிக் காட்டினேன். பீப் பீப் என்று கத்திக்கொண்டே போய் எதிர்வீட்டுப் படியில் முட்டியது. பெரியப்பா பொறுமையாகப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு போச்சுன்னு நான் சொல்லவே வேணாம். இதுவே ஊரக் கூட்டி சொல்லிடும். எடுத்தும்போயி உன் வெப்புல போடு, போ."

போட்டேன். நன்றாக இருக்கிறது என்று ரெண்டு பேர் எழுதினார்கள்.

இவ்வளவு செய்தேனே தவிர, அவருக்கு என்னதான் தெரிகிறது என்று கேட்கவே இல்லை. பிறகுதான் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"நேராப் பாத்தா உன் மூஞ்சி இருக்கற எடத்துல ஒரு அழுக்குத் துணி தொங்குது. உன் தோடு நல்லாத் தெரியுது."

தொலைநோக்கியில் மங்கலான நட்சத்திரக் கூட்டங்களை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளி வெறும் வானத்தைப் பார்த்தால், விட்ட இடத்தில் மெல்லத் தெரியும். அதற்குக் காரணம் வேறு, பெரியப்பா கண்ணின் கோளாறு வேறு. ஆனால் வித்தை ஒன்றுதான். பின்கட்டில் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, "பழத்தப் பாக்காதீங்க, பைப்பப் பாருங்க" என்றேன். பாதிப் பழம் தெரிந்தது. இன்னும் மேலே, துணிக்கொடியைப் பார்த்தபோது முழுப் பழமும் வந்தது. அதையே பல வாரம் பழகினார். எதிராளியின் குண்டைக் குறிவைத்து அடித்து விரட்டுவதில் அவர் பேர் போனவர். அது திரும்பி வரவே இல்லை. பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது மட்டும் ஓரளவு கைக்கு வந்தது. இதை வெப்பில் எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அவரோடு ஆடியவர்களுக்குப் பிற்பாடு எல்லாம் தெரிந்துவிட்டதால்தான் இப்போது எழுதுகிறேன்.

பழகிய பிறகு முதல் ஆட்டத்துக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். பெரியப்பா மண்ணில் போட்ட வட்டத்துக்குள் நின்று, முகத்தைத் தூக்கி வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தபடி போட்டார். குண்டு கொஷொனேவுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

எதிர்க்கட்சியில் தொப்பி போட்ட ஒருவர் இடுப்பில் கை வைத்தார். "இன்னா முசே, காக்காக் கூட்டப் பாத்துக்கினு போடுற? எங்களோட ஆட இது போதும்னா?"

"போதும்தான்" என்றார் பெரியப்பா.

"திமிரப் பாரு. பட்டாளத்துலயும் இப்டித்தான் சுட்டியா? அதான் வெள்ளக்காரன் சீக்கிரமா பென்ஷன் குடுத்து அனுப்பிட்டான்."

அடுத்ததும் அண்ணாந்துதான் போட்டார். அது எங்கோ புல்லுக்குள் போனது. இப்போது அவர் கட்சிக்காரரே கத்த ஆரம்பித்தார். "யோவ், கீழ குனிஞ்சு பாத்து போட்டா உன் கிரீடம் வுழுந்துடுமா?"

அன்று பெரியப்பா கட்சி தோற்றது. கடைசிவரை அவர் மரத்தைத்தான் பார்த்தார். கடைசிவரை திட்டும் நிற்கவில்லை. வண்டியை எடுக்கும்போது அந்தக் கட்சிக்காரர் கேட் வரைக்கும் வந்தார்.

"தே பாரு, நாளைக்கும் இப்டி மானத்தப் பாத்துக்கினு நின்ன, மண்டையிலயே போடுவேன்."

பெரியப்பா பின்னால் ஏறி உட்கார்ந்து, குண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். சிக்னல் தாண்டிய பிறகு என் தோளைத் தட்டினார்.

"நாளைக்குன்றான்" என்றார்.